நாள்பட்ட நோயும் அரசு உதவிகளும்: மரக்காணம் உப்பளக் கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் ஏறத்தாழ ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கும் உப்பு வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். வெயில் ஏற ஏற உப்பு விளையும். அதே வெயிலில்தான் பாத்திக்குள் இறங்கி உப்பு வாருகிறவர்களும் நிற்க வேண்டும்.

இந்தக் கரையில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. நம் ஊர்களில் பல வீடுகளில் உள்ள நிலைமைதான். அத்தாவுக்கு வயது 58. உப்பளத்தில் இருபது ஆண்டு உழைத்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, அதோடு ரத்த அழுத்தம். சென்ற ஆண்டு காலில் வந்த புண் ஆறவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரை வாங்குவது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, அலுவலகங்களில் வரிசையில் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இந்த அத்தாவுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நாள்பட்ட நோய்களுக்கு இந்தியாவிலேயே அதிகம் செய்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் சர்க்கரைக்கு ஒரு திட்டம், சிறுநீரகத்துக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று, அறுவை சிகிச்சைக்கு ஒன்று, உதவித்தொகைக்கு வேறொரு துறை என்று அவை பிரிந்து கிடக்கின்றன. நோயாளியின் உடம்போ ஒன்றுதான். பிரிந்து கிடப்பதை ஒன்று சேர்க்கும் வேலை இன்றுவரை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. ஆகவே எந்த உதவி எங்கே கிடைக்கும், அது எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதைக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்தக் கொள்கை எப்படி வளர்ந்தது?

நம் நாட்டின் பொது சுகாதாரத் துறை நீண்ட காலம் தொற்றுநோய்களையும் தாய்-சேய் நலத்தையும் மையமாக வைத்தே இயங்கியது. காய்ச்சல் வந்தால் மருந்து, குழந்தைக்குத் தடுப்பூசி, பிரசவத்துக்கு உதவி என்பதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலையாக இருந்தது. வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படும் நோயாளிக்கு அங்கே தனி இடம் இல்லை.

அந்த நிலை படிப்படியாக மாறியது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறை வந்தது. இன்று நம் கைக்கு இலவசமாக வரும் மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் இந்த ஏற்பாட்டின் பலன்தான். பிறகு உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007 வாக்கில் சில மாவட்டங்களில் ரத்த அழுத்தம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் சோதனை முயற்சியாகத் தொடங்கின. 2012-இல் தொற்றா நோய்த் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது.

இவ்வளவு செய்தும் 2020-இல் எடுக்கப்பட்ட மாநில அளவிலான கணக்கெடுப்பு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும் இருந்தன. அவர்களில் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ரத்த அழுத்தத்தில் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம் மட்டுமே. நூறு சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்கு நோய் கட்டுப்படவில்லை. மருந்து இருந்தது, மருத்துவமனையும் இருந்தது. ஆனால் மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க ஏழைகளால் முடியவில்லை.

முதல் உதவி: மக்களைத் தேடி மருத்துவம்

இதற்குப் பதிலாக வந்ததே மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். தொற்றா நோய்களுக்கான பணிக்காக 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

ஒவ்வொரு துணை சுகாதார நிலையப் பகுதிக்கும் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் இருப்பார். பெரும்பாலும் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த, அதே ஊர்ப் பெண்தான். வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். மருத்துவர் நோயை உறுதிசெய்து மருந்து எழுதிய பிறகு, 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். வட்டார அளவில் ஓர் இயன்முறை மருத்துவரும், நோய் ஆதரவு சிகிச்சைக்கான ஒரு செவிலியரும் வாகனத்தில் வீடு வீடாக வருவார்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கு உடற்பயிற்சி, புற்றுநோய் முற்றியவருக்கு வலி நிவாரணம், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுதல் ஆகியவை இவர்களின் வேலை. வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன.

இதனால் பலன் இல்லாமல் போகவில்லை. 2023-24-இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாகவும் சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதமாகவும் உயர்ந்தது. ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு நோய் கட்டுப்படவில்லை என்பதும் இதே எண்களில் இருக்கிறது.

காரணம் எளிது. வீட்டுக்கு வருவது மாத்திரை, மருத்துவர் அல்ல. நாம் சொன்ன அத்தாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே மாத்திரை, அதே அளவில் வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கினால் சில மாத்திரைகளைக் குறைக்க வேண்டும், சிலவற்றை நிறுத்த வேண்டும். அதைத் தன்னார்வலர் முடிவு செய்ய முடியாது, முடிவு செய்யவும் கூடாது. எனவே மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கண் விழித்திரை, பாதம் ஆகிய ஐந்தையும் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரகம்தான் முதல் கவலை

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

பாத்தியில் நிழல் இல்லை. கழிப்பறை வசதி குறைவு என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடல் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இதோடு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தால் பழுது வேகமாக நடக்கும். சிறுநீரக நோய்க்கு ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ இருக்காது என்பதுதான் பெரிய ஆபத்து.

2023-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவம்' என்ற திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். சில நிமிட வேலைதான். உப்பளத்தில் பல ஆண்டு வேலை செய்த எவரும், சர்க்கரை இல்லாவிட்டாலும், இதைச் செய்துகொள்ள வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கே வந்து பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் குழுவை உப்பளத்துக்கு வரச் சொல்லி, தொழிலாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

பாதத்தையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். உப்புக் கற்கள் கிழித்தாலும் தெரியாது. காயத்தோடு உப்பு நீரில் நின்றால் புண் ஆறாது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கிறார்கள். தினமும் இரவு படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்குகளையும் வீட்டில் ஒருவர் பார்த்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

இரண்டாம் உதவி: காப்பீட்டு அட்டை

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட அட்டை இது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 425 3993.

டயாலிசிஸ், இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவை இதில் வரும். ஆனால் இந்த அட்டை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. தினசரி மாத்திரைக்கும், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் வாகனச் செலவுக்கும், உடன் போகிறவர் இழக்கும் கூலிக்கும் அதில் வழி இல்லை. நாள்பட்ட நோயாளியின் வீட்டை வறுமையில் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளே.

அட்டையை நோய் வந்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் வருமானச் சான்று வாங்குவதே சிக்கலாகிறது. பெற்றோர் தனிக் குடும்ப அட்டையில் இருக்கிறார்களா, மகனை நம்பி வாழ்கிறார்களா என்பதை வருவாய்த் துறையிடம் உள்ளபடியே சொல்லுங்கள். பொய்யான சான்று பிறகு சிகிச்சையின் நடுவில் தடையாகும்.

மூன்றாம் உதவி: மாற்றுத்திறனாளி அட்டையும் உதவித்தொகையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் நோய், தசைச் சிதைவு போன்ற நாள்பட்ட நோய்களும் அதில் உண்டு. பலர் இதை அறியாமல், கைகால் ஊனத்துக்கு மட்டும்தான் அட்டை என்று இருந்துவிடுகிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் இந்தச் சட்டத்தின் பல சலுகைகளுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்கள், அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்கள், தசைச் சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் முதலியோருக்குத் தரப்படும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500-இலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியம் வருவாய்த் துறை வழியே வருவது. அது 2023-இல் 1,000-இலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

ஆனால் இந்த 21-இல் நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டப்பட்டு, எந்த வேலைக்கும் போக முடியாதவர் அந்த நோய்க்காக மாற்றுத்திறனாளி ஆவதில்லை. நாம் சொன்ன அத்தாவுக்குச் சிறுநீரகம் முழுதும் செயலிழந்தாலும் அட்டை இல்லை. காலை வெட்டி எடுத்தால் மட்டுமே அட்டைக்கு வழி பிறக்கும். ஒரு காலை இழக்காமல் காப்பாற்றுவதற்கு உதவாத சட்டம், இழந்த பிறகு உதவ வருகிறது. சிறுநீரகச் செயலிழப்பைப் பட்டியலில் சேர்ப்பதற்கோ, டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று ஒரு மாநில உதவித்தொகைக்கோ நாம் குரல் கொடுக்க வேண்டும். இது எல்லாச் சமுதாயத்து வீடுகளுக்கும் பொதுவான கோரிக்கை.

உப்பள வேலையில் உள்ளவர்களுக்கு வேலையில்லாத மழைக்கால மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணமும் அரசு தருகிறது. தொழிலாளர் நலத் துறையில் பதிவு இருந்தால்தான் இது எளிதில் கிடைக்கும். நோயால் வேலையை விட்டவர்கள் பதிவையும் விட்டுவிடாதீர்கள்.

நான்காவது: எல்லை தாண்டிய மருத்துவமனை

மரக்காணத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் திண்டிவனம் அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. மறுபக்கம் கடற்கரைச் சாலையில் நேரே போனால் புதுச்சேரி ஜிப்மர். பலரும் புதுச்சேரிக்கே போகிறார்கள். அது தவறல்ல. ஆனால் புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம், ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம். அங்கே எழுதிக் கொடுத்த புதிய மருந்து, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டுக்குத் தானாக வந்து சேராது. வீட்டுக்கு வரும் மாத்திரை பழையதாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

ஆகவே எந்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினாலும், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கச் சீட்டின் நகலை ஒரு வாரத்துக்குள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் சென்று, எது தொடரும், எது நிற்கும் என்று எழுதி வாங்குங்கள்.

2025 ஆகஸ்ட் 2-இல் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' சிறப்பு முகாம்கள் இந்தப் பிரிவினையைக் குறைக்க எடுத்த ஒரு முயற்சி. சனிக்கிழமைகளில் நடத்தப்பட்ட இந்த முகாம்களில் பல துறைச் சிறப்பு மருத்துவர்கள், பரிசோதனைகள், காப்பீட்டுப் பதிவு, மாற்றுத்திறனாளிச் சான்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும், நோய் முடியாது. முகாமில் கண்டறிந்ததை அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் தொடர்ந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

புயல் காலத்தில்

2020 நவம்பரில் நிவர் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. சாலை துண்டிக்கப்பட்டால் டயாலிசிஸ் தவறும். மின்சாரம் போனால் இன்சுலின் கெடும். அக்டோபர் பிறந்ததும் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைத் தண்ணீர் புகாத பையில் தனியே வையுங்கள். குளிர்பெட்டி நின்றால் இன்சுலினை ஈர மண் பானைக்குள் வைத்துச் சில நாள் காக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த உடனே, அது கரை கடக்கும்வரை காத்திராமல், டயாலிசிஸ் நோயாளியை மருத்துவமனைக்கு அருகே கொண்டு போய்விடுங்கள். படுக்கையில் உள்ளவரின் விவரத்தை ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

நோன்பு நாட்களில்

ரமலானில் சர்க்கரை நோயாளிகள் பலர் மருத்துவரிடம் சொல்லாமலே மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். நோயாளிகளுக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது திருக்குர்ஆன் தந்த அனுமதி. அதை எடுத்துக்கொள்வது குறைவான ஈமான் அல்ல. இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள் அதிக ஆபத்தில் உள்ளவர்கள். ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் எப்படிப் பிரிப்பது என்று கேளுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் பட்டினியில் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தக்கூடியவை. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். வெயில் காலத்து ரமலானில் உப்பள வேலையும் நோன்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை என்பதையும் மறக்காதீர்கள்.

விடுபட்ட இடத்தை யார் நிரப்புவது?

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவம், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாக மாறியது. அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் படுக்கை நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். கடைக்காரரும் மாணவரும் கொடுத்த சிறு காசில் மருந்தும் வாகனமும் நடந்தன. 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. மக்கள் முதலில் செய்தார்கள், அரசு பின்னால் வந்தது.

நம் ஊர்களிலும் மஹல்லா ஜமாஅத்கள் இருக்கின்றன. மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஊரில் படுக்கையில் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், துணையின்றித் தனியே வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியல் ஒன்று போதும், தொடங்கிவிடலாம். டயாலிசிஸுக்குப் போய்வர ஒரு வாகனம், விண்ணப்பம் எழுதித் தரப் படித்த இரண்டு இளைஞர்கள், தன்னார்வலர் வராத மாதத்தில் சுகாதார நிலையத்தில் கேட்க ஒருவர். ஜகாத், ஸதகா நிதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உதவி நம் தெருவோடு நிற்காமல், உப்பளத்தில் நம்மோடு நிற்கும் எல்லா மக்களுக்கும் போக வேண்டும். அவர்களின் சிறுநீரகமும் இதே வெயிலில்தான் காய்கிறது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பல நோய்கள் உள்ள ஒவ்வொருவருக்கும், எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்புள்ள ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நியமிக்க வேண்டும். திட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதை விட இது அவசரமானது.

இன்றே செய்ய வேண்டியவை

- ஒரே கோப்பு: எல்லா மருத்துவமனைச் சீட்டுகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். முதல் பக்கத்தில் நோய்கள், இப்போது உண்ணும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள்.
- ஒரே பொறுப்பாளர்: வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கட்டும். வெளிநாட்டில் உள்ள மகன் கோப்பின் படங்களைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.
- தன்னார்வலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அவரிடம் சொல்லுங்கள்.
- காப்பீட்டு அட்டையில் குடும்பத்தார் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.
- மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரை வாங்காதீர்கள்.

நம் அத்தாவின் கால் புண் ஆறுவதும், சிறுநீரகம் இன்னும் பத்து ஆண்டு தாங்குவதும் பெரும்பாலும் புதிய மருந்தால் நடக்கப் போவதில்லை. இருக்கும் மருந்து தவறாமல், சரியான அளவில், சரியான மருத்துவரின் பார்வையோடு அவரைச் சேர்வதில்தான் அது இருக்கிறது. நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த மருந்து ஏழையின் வீடுவரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே. எல்லா நோயாளிகளுக்கும் இறைவன் பூரண நலத்தைத் தருவானாக.